கடலடிப் பூவும் காப்புப் பட்டியலும்

நீலக்குறிஞ்சியை அறியாத தமிழர் இலர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவுகள் நீலம் போர்த்தும்போது மூணாற்றுக்கும் கொடைக்கானலுக்கும் ஊர்திகள் வரிசை கட்டும். 2024ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலுக்காக அக்குறிஞ்சியை முதன்முறையாக மதிப்பிட்டு, 'அழிவாய்ப்பு இனம்' என்னும் படியில் வைத்தது. அதே படியில் பல்லாண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுவிட்ட பூச்செடி ஒன்று நம் கடலோரத்தில் உண்டு. அதன் இலை ஒரு விரற்கடைக்கும் குறைவான நீளமுடையது. அலை வற்றும் நேரத்தில் சேற்றுத் தரையில் பச்சைப் படலமாகத் தோன்றி, நீர் ஏறியதும் மறைந்துவிடும். அலோபிலா பெக்காரீ என்பது அதன் அறிவியற் பெயர். அதைக் காண எவரும் ஊர்தி ஏறியதில்லை; காலடியில் மிதித்துச் சென்றோர் பலர்.

மலைப்பூவும் சேற்றுப்பூவும் ஒரே படியில் நிற்பது தற்செயல்தான். ஆயினும் ஓர் இனத்தின் காப்புநிலை எவ்வாறு முடிவாகிறது, அம்முடிவால் அந்த இனத்துக்கு என்ன கிடைக்கிறது என்னும் வினாக்களை இராமநாதபுரக் கரையில் நின்று கேட்டுப் பார்ப்பதற்கு இந்த இணை நல்ல தொடக்கம்.

முதலில் இச்செடி எக்குடியைச் சார்ந்தது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். கரையில் வாழாதவர்கள் கடலுக்குள் பசுமையாக இருப்பவற்றையெல்லாம் பாசி என்றே கருதுகின்றனர். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் அவ்வாறு மயங்குவதில்லை. அவர்கள் மூழ்கி எடுத்துச் சாக்கில் கட்டி விற்பது பாசி. அதற்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. மணலில் வேரூன்றி அசைந்தாடுவது தாழை, அதாவது கடற்புல். அது நெல்லையும் தென்னையையும் போல ஒருவித்திலைத் தாவரம். வேர், தண்டு, இலை, பூ, காய், விதை ஆகிய அனைத்தும் அதற்கு உண்டு. புல் என்று பெயர் பெற்றிருப்பினும் மெய்யான புற்குடும்பத்தோடு அதற்கு நெருங்கிய உறவு கிடையாது. குளத்து வேலம்பாசிதான் அதன் சிற்றப்பன் மகன் முறை.

தாவரங்கள் நீரிலிருந்து கரையேறின என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கரையேறிய பின்பு மீண்டும் கடலுக்குள் இறங்கிய சிலவற்றின் வழித்தோன்றல்களே கடற்புற்கள். அந்த மறுபயணத்துக்கு அவை கொடுத்த விலை 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் வெளிப்பட்டது. சோசுடரா மரைனா என்னும் வடகோளக் கடற்புல்லின் மரபுத்தொகுதியை முழுதும் படித்தவர்கள், இலைத்துளைகளை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் இல்லாமற் போயிருப்பதைக் கண்டனர். காற்றில் மணம் பரப்பும் சேர்மங்களை ஆக்கும் மரபணுக்கள் பலவும் மறைந்திருந்தன. நீருக்குள் வண்டு வராது. மணத்துக்கு அங்கு வேலை இல்லை. தன்னிடம் இருந்த மணத்தைக் கைவிட்டுக் கடலில் குடியேறிய பூ என்பது எந்தப் புலவனுக்கும் தோன்றாத கற்பனை. இயற்கை அதை நிகழ்த்தியிருக்கிறது.

இராமேசுவரத்தார் தம் தீவின் இருபுறத்தையும் வடகடல், தென்கடல் என்று வழங்குவர். பெண்கடல், ஆண்கடல் என்போரும் உளர். வடக்கே பாக்கு விரிகுடா. சராசரி ஆழம் 10 மீட்டரைத் தொடாத, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பு. தெற்கே மன்னார் வளைகுடா. பவளப்பாறைகளும் தீவுகளும் கொண்ட, அலை மிகுந்த கடல். கடற்புல்லுக்கு வேண்டியவை மூன்று: ஆழமின்மை, தெளிவு, அலைக்கழியாத தரை. பெண்கடலில் மூன்றும் பரந்த அளவில் அமைந்துள்ளன. ஆண்கடலில் தீவுகளின் கரைமறைவில் அமைந்துள்ளன. அதனால்தான் இந்தியக் கடற்புல் இனங்களில் ஏறத்தாழ எல்லாமே இவ்விரு நீர்நிலைகளிலும் காணப்படுகின்றன. ஆய்வாளர் பட்டியல்கள் 14 வகைகளைச் சொல்கின்றன. 2018இல் வெளியான செயற்கைக்கோள் கணக்கின்படி இந்தியாவின் மொத்தக் கடற்புல் பரப்பு சுமார் 517 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பங்கு இங்குதான் இருக்கிறது.

இவை பூக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இனங்களுள் உருவில் பெரியது எனாலசு அகோராய்டீசு. ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வார்போன்ற இலைகளும், அடித்தண்டில் கறுத்த முரட்டு நார்களும் உடையது. ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்பூக்கள் அடியில், குட்டையான காம்பின் உறைக்குள் நெருங்கி வளரும். பருவம் வந்ததும் ஒவ்வொன்றாகக் காம்பறுந்து, குமிழி போல மேலே எழுந்து, கடற்பரப்பில் வெண்மணிகளாக மிதக்கும். பெண்பூ நீண்ட காம்பின் நுனியில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக வற்றும் வேளையில் அது மேற்பரப்பைத் தொட்டு இதழ் விரிக்கும். அவ்விதழ்கள் நீர் ஒட்டாதவை. காற்றும் நீரோட்டமும் தள்ளிவரும் வெண்மணிகள் இதழ்ப் பள்ளத்தில் சரிந்து கூடும். நீர் ஏறும்போது பெண்பூ தன் கூட்டாளிகளை அணைத்தபடி மூழ்கும். மகரந்தம் சூலகமுடியில் ஒட்டும். பின்னர் அந்த நீண்ட காம்பு சுருள்வில் போலச் சுருண்டு, காயைத் தரையருகே இழுத்துக்கொள்ளும். கடற்புற்களுள் மேற்பரப்பில் மகரந்தம் சேர்க்கும் இனம் இது ஒன்றே.

மற்றவை நீருக்குள்ளேயே மணவினை முடிக்கின்றன. சைமோடோசியா இனங்களின் மகரந்தம் உருண்டைத் துகளாக இராது. கண்ணுக்குத் தெரியக்கூடிய நூலிழையாக நீண்டிருக்கும். மிதந்து செல்லும் இழை, குறுக்கே நிற்கும் சூலகமுடியில் சுற்றிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. அலோபிலாவின் மகரந்தமோ மாலைபோலக் கோத்த வடிவில் வெளிவரும். நீரோட்டம் மட்டுமே தூது என்றுதான் நெடுங்காலம் நம்பினர். மெக்சிகோவின் கரிபியக் கரையில் வளரும் ஆமைப்புல்லை ஆராய்ந்தவர்கள், சிறு கணுக்காலிகளின் இளவுயிரிகளும் புழுக்களும் இரவில் பூவுக்குப் பூ சென்று மகரந்தம் சேர்ப்பதை 2016இல் மெய்ப்பித்தனர். கடலுக்கும் தேனீ உண்டு என்றாகிவிட்டது. நம் பாக்கு விரிகுடாவில் அந்தப் பணியைச் செய்யும் சிற்றுயிர்கள் எவை என்று தேடிப் பார்க்க நம் கல்லூரி மாணவர்க்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா?

இனி அழிவாய்ப்புப் படியில் நிற்கும் நம் சிற்றிலைச் செடிக்கு வருவோம். ஒதோவார்தோ பெக்காரி என்னும் இத்தாலியத் தாவரவியலார் போர்னியோவின் சரவாக்குப் பகுதியில் இதைத் திரட்டினார். செருமானியரான பால் ஆசெர்சன் 1871இல் அவர் பெயரையே இட்டு விளக்கினார். அதே பெக்காரிதான் 1878இல் சுமாத்திராவில், ஆள் உயரத்தையும் விஞ்சும் பூங்கொத்துடைய பிணநாற்றக் கிழங்குச்செடியை உலகுக்கு அறிவித்தவர். அவரை நினைவுகூரும் நூல்களெல்லாம் அந்தப் பெரும்பூவையே பேசுகின்றன. சிறுசெடி அவர் பெயரைச் சுமந்துகொண்டு சேற்றோரத்தில் கிடக்கிறது.

அதன் வாழிடமே அதன் இடர். பிற கடற்புற்கள் பெரும்பாலும் நீர் நீங்காத ஆழத்தில் வாழ, இது அலையேற்றத்துக்கும் வற்றலுக்கும் இடைப்பட்ட சேற்றுத்தரையையும், அலையாத்திக் காட்டின் விளிம்பையும், கழிமுகத்தையும் நாடுகிறது. நன்னீர் கலந்தாலும் தாங்கும். வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் மனிதன் கரையில் எதைச் செய்தாலும் முதல் அடி விழுவது அந்தப் பட்டையில்தான். இறாற்பண்ணைக்குக் கரை வெட்டுவதும், படகுத்துறை கட்டுவதும், சாலைக்கு மண் நிரப்புவதும், கழிவுநீர்க் குழாயை விடுவதும் அங்கேயே. இச்செடி விரைந்து பரவும், விதை மிகுதியாக ஈனும், சேற்றுக்குள் விதையைச் சேமித்தும் வைக்கும். ஓர் ஆண்டு காணாமற்போய் மறு ஆண்டு தோன்றுவதும் உண்டு. சேறே இல்லாமற் போனால் எந்த விதைச் சேமிப்பும் உதவாது.

செம்பட்டியலின் அளவுகோல் உணர்ச்சிக்கு இடம் கொடாதது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்துக்குள் ஓர் இனம் 30 விழுக்காடு குறைந்தால் அது அழிவாய்ப்பு. 50 விழுக்காடாயின் அருகியது. 80 விழுக்காடாயின் மிக அருகியது. வாழிடப் பரப்பின் சுருக்கத்தைக் கொண்டும், எஞ்சிய தொகையைக் கொண்டும் வேறு அளவுகோல்கள் உண்டு. குறிஞ்சி முதல் அளவுகோலில் அகப்பட்டது. தேயிலையும் யூக்கலிப்டசும் கட்டடங்களும் அதன் புல்வெளியை உண்டன. கடற்புற்கள் 72 இனங்களையும் ஒருசேர மதிப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் 3 இனங்கள் அருகியவை. 7 இனங்கள் அழிவாய்ப்பு. 9 இனங்களுக்குத் தரவு போதவில்லை. 48 இனங்கள் கவலை குறைந்தவை. நம் கரையின் பெரும்பான்மை இனங்கள் இந்தக் கடைசி வகுப்பில் அடங்கும்.

கவலை குறைந்தவை! இச்சொற்றொடரைப் படித்து மன அமைதி கொள்வோர்க்கு ஒரு சொல். அம்முடிவு உலகம் முழுவதற்குமானது. எனாலசு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியுள்ளது. ஆகவே அது கவலை குறைந்த இனம். அதே எனாலசு இராமநாதபுரக் கரையில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகவே உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளக்கல் மேல் வளரும் பெம்பிசு அசிடுலா என்னும் வெண்பூப் புதர்மரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மாலத்தீவிலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் அது பலரறிந்த மரம். பட்டியலில் கவலை குறைந்தது. இந்தியப் பெருநிலத்தை ஒட்டி அது வாழ்வது இத்தீவுகளில் மட்டுமே. அதற்கு நீண்ட சூல்தண்டுடைய பூ, குறுகிய சூல்தண்டுடைய பூ என இருவகைச் செடிகள் உண்டு. ஒருவகையின் மகரந்தம் மற்றவகைக்குச் செல்வதற்கென்றே அமைந்த ஏற்பாடு அது. சிறு தீவில் தொகை சுருங்கினால் அந்த ஏற்பாடு தடுமாறும். உலகக் கணக்கில் இது ஒரு பொருட்டாகாது. நம் தீவுக்கோ முதன்மையான செய்தி.

தீவே மறைந்துபோன கதையும் இங்கு உண்டு. 1986இல் தமிழ்நாட்டரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மன்னார் வளைகுடாவில் தீவுகள் 21. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்ததால் அலைதடுப்பு போயிற்று, மணல் அரித்தது, தீவு மூழ்கிற்று. பூவரசின் பெயர் பூண்ட தீவில் இன்று எம்மரமும் இல்லை.

கடற்புல்லின் பயனைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. கரையோர் அதை நன்கறிவர். ஓரா மீனும் நண்டும் இறாற்குஞ்சும் அங்குதான் வளர்கின்றன. பேராமை அதை மேய்கிறது. ஆவுளியா எனப்படும் கடற்பசு நாளொன்றுக்கு 40 கிலோ வரை அதைத் தின்கிறது. அதற்கு வேறு உணவு இல்லை எனலாம். உலகக் கடலடியில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் பரவிய கடற்புல், கடல் ஆண்டுதோறும் புதைக்கும் கரிமத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தன் வேரடியில் சேர்க்கிறது என்பது கூடுதற் செய்தி.

அழிவு எப்படி நேர்கிறது என்பதே விரித்துப் பேசத்தக்கது. கடற்புல்லுக்கு மேற்பரப்பு ஒளியில் சராசரியாக 11 விழுக்காடாவது வேண்டும். மிதவைப் பாசிக்கு ஒரு விழுக்காடு போதும். ஆகவே நீர் கலங்கினால் பாசி பிழைக்கும், புல் சாகும். இழுவைமடியின் அடிக்கயிறும் பலகையும் தரையை உழுது செல்லும்போது இரு தீங்குகள் ஒருங்கே நேர்கின்றன: புல் வேரோடு பெயர்கிறது, கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லின் ஒளியை மறைக்கிறது. ஊர்க்கழிவு நீர் கலக்கும் இடத்தில் இலைமேல் நுண்பாசி படர்ந்து அதே ஒளியை வேறுவழியில் பறிக்கிறது. 2005இல் தொடங்கி இடையில் நின்றுபோன சேதுக் கால்வாய்த் திட்டத்தின்போது, தூர்வாரும் சேறு எங்கே படியும் என்று உயிரியலார் கேட்டதன் பொருள் இதுவே.

உலகளவில் அறியப்பட்ட கடற்புல் பரப்பில் 1879 முதல் 29 விழுக்காடு மறைந்துவிட்டதென்று 2009இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. 1980க்குப் பின் ஆண்டுக்கு 110 சதுர கிலோமீட்டர் வீதம் அது தொலைந்து வந்ததாம்.

பழியை விசைப்படகுக்காரர் தலைமேல் மட்டும் சுமத்துவது எளிது, முறையன்று. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கு அப்பால் சற்றே சென்றால் பன்னாட்டு எல்லைக்கோடு. நடுவில் எஞ்சும் நீரில் நூற்றுக்கணக்கான படகுகள் எங்கே மடி இழுக்கும்? விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று வகுத்துக்கொண்ட முறை பட்டறிவு மிக்கது. இலங்கை 2017இல் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. அதே ஆண்டில் இங்கு இழுவைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் தொடங்கிற்று. கடனும் பயிற்சியும் சந்தையும் சேர்ந்து அமையாத இடத்தில் ஒரு மீனவர் தன் படகை மாற்றத் தயங்குவது இயல்பே.

சட்டக்காப்பைப் பார்ப்போம். 2022இல் திருத்தப்பெற்ற காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி தன் பெயராலேயே இடம்பெற்றது. கடற்புல்லுக்குக் காப்பு வருவது பெரும்பாலும் இடத்தின் வழியே. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கடற்புல் படுகைகளைச் சூழல் நொய்மை மிக்க முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. தென்கடலில் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர் அளவில் தீவுகளைச் சூழ்ந்து நிற்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அத்தகைய முதற்காப்பகம் அது. பாராட்டத்தக்க செயல். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோடு நின்றுவிடுகிறது.

இங்கேதான் குறை. படத்தை விரித்துப் பார்த்தால், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக மண்டபத்தின் வடகரை, பாம்பன் வரை இராமநாதபுரத்தின் பெண்கடல் முழுதும் இவ்விரு காப்பகங்களுக்கும் நடுவே விடுபட்டு நிற்கிறது. காப்புக்குரிய கடற்பசு மாவட்ட எல்லையறிந்து மேய்வதில்லை. பெக்காரிச் செடிக்கு உகந்த சேற்றுக்கரையும் அலையாத்தி விளிம்பும் இந்தப் பகுதியிலும் உண்டு. உலகப் பட்டியலில் ஓர் இனத்துக்குப் படி கொடுத்துவிட்டு, அது வேரூன்றக்கூடிய கரையை இப்படி விட்டுவைத்தால் அந்தப் படியால் என்ன பயன்?

இழந்த புல்லை மீண்டும் நடும் முயற்சிகள் நடந்துவருகின்றன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் சட்டங்களில் சணற்கயிற்றால் நாற்றுகளைக் கட்டிக் கடலடியில் ஊன்றியது. தஞ்சைக் கரையில் இயங்கும் ஓம்கார் நிறுவனம் மூங்கிற் சட்டத்தையும் தென்னங்கயிற்றையும் கொண்டு மீனவருடன் சேர்ந்து நட்டது. நாற்று பிடித்துப் பரவவும் செய்தது. நல்ல பணிதான், ஆயினும் மடி இழுபடும் தரையில் நடுவது வீண் உழைப்பு. அழித்த காரணம் நீங்கிய இடத்தில் மட்டுமே நடவு நிலைக்கும். நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இன்னும் அழியாத வெளியைக் காப்பதற்குச் செலவிட்டால் ஊதியம் மிகுதி.

மார்ச் 1ஆம் நாளை உலகக் கடற்புல் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2022 மே மாதத்தில் அறிவித்தது. அத்தீர்மானத்தை முன்மொழிந்த நாடு இலங்கை. பாக்கு விரிகுடாவின் மறுகரை உலக அவையில் எழுந்து பேசியிருக்கிறது. தமிழ்நாட்டு வனத்துறையும் மீன்வளத்துறையும் செய்ய வேண்டியவை இரண்டு. பெண்கடலின் புல்வெளியை ஊர்வாரியாக ஆண்டுதோறும் அளந்து, எந்த ஊர்க்கடலில் எவ்வினம் எவ்வளவு பரப்பில் உள்ளதென்று தமிழில் வெளியிடுவது முதல் வேலை. வழிகாட்டத் தாழையை அறிந்த நாட்டுப்படகு மீனவர்களும் பாசியெடுக்கும் பெண்களும் இருக்கின்றனர். அடுத்தது, அவர்களது இசைவோடும் அவர்களது மீன்பிடி உரிமையை எழுத்தில் உறுதிசெய்தும், கடற்பசுப் பாதுகாப்பகத்தின் எல்லையைத் தெற்கே பாம்பன் வரை நீட்டுவது. இவ்விரண்டையும் இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் தம் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆட்சியரிடமும் கேட்க வேண்டும்.